புதுக்கோட்டை பெற்ற புதல்வி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்



விழா மலர் என்றால் பங்கின் வரலாறும், இங்கு பணியாற்றிய குருக்களின் படங்களும், சபைகளின் அறிக்கைகளும் இடம்பெறுவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரிலும் உண்டு. இந்தப் பக்கங்களில் மட்டும் நாம் ஒரு மருத்துவரைப் பற்றி எழுத விரும்புகிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் ஆலங்குடியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் புதுக்கோட்டையில் பிறந்தவர். கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசு வழங்கும் மகப்பேறு உதவித்தொகை அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனையோ தாய்மார் அந்தப் பணத்தைப் பெற்றிருக்கிறார்கள். ஆயினும் அந்த அம்மையார் யார் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டபோது, ஒரு கைகூட உயரவில்லை. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அம்மையார் பிறந்தது 1886-ஆம் ஆண்டு ஜூலை 30. ஐக்கிய நாடுகள் சபை 2013-இல் மனிதர்களை விலைபேசிக் கடத்தும் கொடுமைக்கு எதிரான உலக நாள் ஒன்றை ஏற்படுத்தியபோது, அதற்குக் குறித்த தேதியும் ஜூலை 30. யாரும் திட்டமிட்டுப் பொருத்தியதல்ல. ஆனால் அம்மையார் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது இந்தக் கொடுமையை எதிர்த்துத்தான்.

தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிக் குலம் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். இத்திருமணத்திற்காகத் தந்தையாரை அவர் உறவினர் ஒதுக்கி வைத்தனர். இரு பக்கத்து உறவும் முழுமையாக இல்லாத வீட்டில் வளர்ந்த குழந்தை, ஊராரின் ஏச்சும் பேச்சும் என்னவென்பதைச் சிறு வயதிலேயே அறிந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஒரு பெண் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். மகாராஜா கல்லூரியின் முதல் மாணவி இவரே. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணியில் குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் நடந்த திருமணம் அது. அக்காலத்து மணமகன் அதை ஏற்றது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது. இன்றைக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வரும் நம் இளைஞர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

1926-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி அவர். உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தெரிந்தெடுத்தார்கள். நோயாளிகளை விட்டுவிட்டுப் போவதற்கு முதலில் தயங்கியவர், போன பின்பு ஒரு நாளையும் வீணாக்கவில்லை.

பொட்டுக் கட்டுதல் என்ற வழக்கத்தை இன்றைய இளைய தலைமுறை அறியாது. சிறு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவார்கள். ஆடலும் பாடலும் கற்ற பெண்கள் அவர்களுள் உண்டு. கோயிலில் மதிப்பும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் நாளடைவில், பெண் பருவம் எய்தியதும் ஊர்ப் பணக்காரர் யாருக்கேனும் அவளை விலைபேசி விடுவதாக அது முடிந்தது. குழந்தைக்கு என்ன தெரியும்? அதனிடம் யார் கேட்டார்கள்?

இதை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்கியவர்கள் அம்மையாருக்கு முன்பும் இருந்தார்கள். அவர் செய்தது வேறு. அந்தக் குடும்பங்கள் ஏன் பெண்ணை விடுகின்றன என்று பார்த்தார். கோயில் ஊழியத்திற்காக அவர்களுக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் செய்யப் பெண் இருந்தால்தான் நிலம். இந்தத் தலைமுறையில் ஒரு மகளை விடாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும், அடுப்பு எரியாது. ஆகவே தாய் அழுதுகொண்டே மகளை விடுகிறாள். கயிறு சாமியின் பெயரால் கட்டப்பட்டாலும், அதன் மறுமுனை வயிற்றில் கட்டியிருந்தது.

1927 நவம்பரில் பொட்டுக் கட்டுவதை ஒழிக்க வேண்டும் என்ற அம்மையாரின் தீர்மானம் சட்டசபையில் ஒருமனதாக நிறைவேறியது. 1929-இல் அவர் முயற்சியால் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம். அதற்காக ஊழியம் செய்ய வேண்டியதில்லை. கோயிலுக்கு ஒரு தீர்வை கட்டினால் போதும். முதலில் வயிற்றுக் கயிற்றை அவிழ்த்த இந்த விவேகத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. பழைமையைக் காக்கப் புறப்பட்ட படித்த பெரியவர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களுள் ஒரு சாராரும் சங்கம் கூட்டி மனுக் கொடுத்தார்கள். கலை அழியும், பிழைப்புப் போகும், எல்லாரையும் ஒரே சேற்றில் தள்ளுகிறீர்கள் என்பது அவர்களுடைய முறையீடு. அவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. நிலம் இல்லாதவர்களுக்கு இந்தத் திருத்தம் எதையும் தரவில்லை. மறுபக்கம், அதே குலத்தில் வளர்ந்து அந்த வழக்கத்தைச் சாடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார்.

அக்காலத்தில் பெண்களை ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு கொண்டுபோய் விற்பது உலகையே வாட்டிய கேடு. 1921-இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கம் பெண்களையும் குழந்தைகளையும் விற்பதற்கு எதிராக உடன்படிக்கை செய்தது. 1926-இல் பாரீஸில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு அம்மையார் சென்று வந்தவர். எனவே இந்த வியாபாரம் நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல என்பதை அறிந்திருந்தார். விபசார விடுதி நடத்துகிறவர்களையும் பெண்களைக் கொண்டுவந்து சேர்க்கும் தரகர்களையும் தண்டிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1930-இல் வந்தபோது, அதற்காக முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

அதே 1930-இல், பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானபோது, பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். மசோதா கிடப்பில் போயிற்று. நாடு விடுதலை பெற்ற பின் 1947-இல்தான் அது சட்டமாயிற்று. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டினார்கள் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

இனி, நம் மனத்தில் ஆழமாகப் பதிந்த நிகழ்ச்சிக்கு வருகிறோம். 1930-இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்த வாழ்வு வேண்டாம் என்று தப்பி, அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மாணவியர் விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறந்த குலத்தைச் சொன்னதும் கதவுகள் அடைத்துக்கொண்டன. சட்டம் பேசிய அம்மையாருக்கு அப்போது ஒன்று விளங்கியிருக்க வேண்டும். தப்பி வந்தவள் இரவில் எங்கே படுப்பாள் என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லம். 1936-இல் அடையாறுக்கு இடம் மாறியது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே படித்து, தொழில் கற்று, தம் காலில் நின்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் இருந்தபோது, ஒரு தாய் தன் மகளோடும் ஓர் ஆளோடும் வந்தாள். மேற்கே ஒரு மில்லில் வேலை, மூன்று ஆண்டு இருந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள், ஞானஸ்நானச் சான்றும் நன்னடத்தைக் கடிதமும் வேண்டும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு ஒரு மங்கலப் பெயர். எந்த மில், யார் அழைத்துப் போகிறார், முன்பணம் எவ்வளவு கைமாறிற்று என்று நாம் கேட்கவில்லை. பூசைக்கு நேரமாயிற்று என்று முத்திரை வைத்துக் கொடுத்தோம். பெண்ணுக்குப் பதினைந்து வயது. ஒன்றரை ஆண்டில் நோயோடு திரும்பினாள், பணம் இல்லை. அதைவிடக் கொடியது பின்பு நடந்தது. ஆலயத்தில் அவள் அமர்ந்த வரிசையில் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். வந்த வரனும் தட்டிப்போயிற்று. நாம் பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று நம் பகுதியில் பொட்டுக் கட்டுவார் இல்லை. முன்பணம் கட்டுவார் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் பலாவும் தென்னையும் சாய்ந்து கிடந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு டெல்டா மாவட்டங்களில் ஏழைச் சிறுவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆடு மேய்க்கக் கொத்தடிமைகளாக விடப்பட்டதும், அதிகாரிகள் மீட்டதும் செய்தித்தாள்களில் வந்தன. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் படித்த பிள்ளைகள். வெளிநாட்டு வேலைக்குப் போகாத வீடு நம் பகுதியில் அரிது. ஆகவே இது பிறர் கதையல்ல.

திருச்சபை இதற்காகச் செபிக்க ஒரு நாளைக் குறித்துள்ளது. பிப்ரவரி 8, புனித ஜோசபின் பக்கீத்தாவின் திருநாள். சூடான் நாட்டில் சிறுமியாக இருந்தபோது கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, அந்த அதிர்ச்சியில் பெற்றோர் இட்ட பெயரையே மறந்துபோனவர் அவர். பக்கீத்தா என்பது கடத்தியவர்கள் இட்ட பெயர். பேறுபெற்றவள் என்று பொருளாம்! இத்தாலியில் 1889-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கனோசியன் கன்னியர் மடத்தில் அருட்சகோதரியாக வாழ்ந்து 1947-இல் இறந்தார். அவருக்கும் அடைக்கலம் தந்தது ஒரு மடத்தின் கதவுதான்.

முத்துலட்சுமி அம்மையாரின் பிற்காலப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். புற்றுநோயால் தங்கையை இழந்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. அதன் பயனாக 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சிறிய அளவில் தொடங்கப்பட்டது. இன்று நம் பங்கிலிருந்தும் நோயாளிகள் அங்கே போய் வருகிறார்கள். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று, எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் மறைந்தார். அவ்வை இல்லம் இன்றும் நடைபெறுகிறது.

வெளியூர் வேலைக்கென்று இப்போது யாரேனும் சான்று கேட்டு வந்தால், பெண்ணையும் பெற்றோரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசுகிறோம். அழைத்துப் போகிறவரின் முகவரியை எழுதி வாங்குகிறோம். சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும். ஆலய வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181 இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்தது பங்கு அலுவலகம். இரவானாலும் மணியை அடிக்கலாம்.