நுளம்பின் குற்றத்தை வெளிப்படுத்திய வைத்தியர் கார்லோஸ் பின்லே

டெங்குக் காய்ச்சல் என்றதும் இன்று சிறு பிள்ளையும் நுளம்பையே சுட்டிக்காட்டும். ஆனால், நுளம்பு நோயைக் காவுகிறது என்று சொன்னதற்காக ஒரு வைத்தியர் இருபது ஆண்டுகள் நகைப்புக்கு ஆளான காலமும் இருந்தது. அவரே கியூபா நாட்டின் கார்லோஸ் பின்லே.

1833ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி, இன்று கமகுவே எனப்படும் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஸ்கொத்லாந்து வைத்தியர். தாயார் பிரெஞ்சு வழிவந்தவர். சிறுவயதில் கண்ட நோயொன்றினால் அவரது நாக்குத் தடுமாறியது. அக்குறை வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. 1855இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் ஹவானாவில் தொழில் செய்யலானார்.

அந்நாட்களில் மஞ்சட் காய்ச்சல் என்ற பெயரே மக்களை நடுங்க வைத்தது. கண்கள் மஞ்சளாகும், கருநிறமாக வாந்தி வரும், பலர் சில நாட்களிலேயே மாண்டுபோவர். 1878இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பிரதேசத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் இந்நோய்க்குப் பலியாயினர். கெட்ட காற்றும், நோயாளியின் உடுப்பும் படுக்கையுமே நோயைப் பரப்புகின்றன என்று பலர் நம்பினர்.

பின்லே பொறுமையாக அவதானித்தார். வெப்பகாலத்தில் நோய் பெருகியது; குளிர் வந்ததும் தணிந்தது; மலைப்பாங்கான இடங்களை எட்டவில்லை. நோயாளியின் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு நோயை எடுத்துச் செல்லும் ஒன்று இடையில் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். வீடுகளில் வாழ்ந்து, பகலில் கடிக்கும் ஒருவகை நுளம்பின் வாழ்க்கை இவை அனைத்துக்கும் பொருந்திற்று. அதன் பெண் நுளம்பே இரத்தம் குடிக்கும். 1881 ஓகஸ்ட் 14ஆம் திகதி ஹவானா அறிஞர் கழகத்தில் அவர் தமது முடிவை வாசித்தார். சபையோர் அதை ஏற்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவுமில்லை, எவரையும் பகைக்கவுமில்லை. நண்பர் கிளோடியோ டெல்காடோ என்னும் வைத்தியருடன் சேர்ந்து, தாமாக முன்வந்த நூறு பேர்வரையில் நுளம்புகளைக் கடிக்கவிட்டுச் சோதித்தார். ஹவானாவுக்குப் புதிதாக வந்த யேசு சபை, கார்மேல் சபைத் துறவிகளும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் உலகம் ஏற்கத்தக்க சான்று கிடைக்கவில்லை. நோயாளியைக் கடித்த நுளம்பை அவர் சில நாட்களுக்குள்ளேயே மற்றவரைக் கடிக்க விட்டதே அதற்குக் காரணம். கிருமி நுளம்பின் உடலில் பெருகி, அதன் உமிழ்நீரை அடைவதற்குப் பன்னிரண்டு நாட்கள்வரை செல்லும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

1900இல் வோல்டர் ரீட் தலைமையில் அமெரிக்க இராணுவ வைத்தியர் குழு ஹவானாவுக்கு வந்தது. பின்லே தாம் பேணிவந்த நுளம்பு முட்டைகளை மனமுவந்து அவர்களிடம் கொடுத்தார். அம்முட்டைகளிலிருந்து வளர்ந்த நுளம்புகளைக் கொண்டே சோதனைகள் தொடங்கின. அக்குழுவின் இளம் வைத்தியர் ஜெசி லாசியர் அவ்வாண்டு செப்டெம்பரில் நுளம்புக் கடியால் நோயுற்று உயிர்நீத்தார். தொடர்ந்து நடந்த கட்டுப்பாடான சோதனைகள் பின்லே சொன்னது உண்மையே என்று ஐயமற நிறுவின.

1901இல் வில்லியம் கோர்கஸ் ஹவானாவில் நுளம்பு ஒழிப்பை மேற்கொண்டார். தண்ணீர்த் தொட்டிகள் மூடப்பட்டன. தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே நகரிலிருந்து மஞ்சட் காய்ச்சல் அகன்றது. பனாமாக் கால்வாய் வெட்டிய தொழிலாளரைக் காத்ததும் இதே வழிதான்.

1902 முதல் 1909 வரை பின்லே கியூபாவின் தலைமைச் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றினார். தொப்புட்கொடியை அசுத்தமாகக் கட்டுவதால் பச்சிளங் குழந்தைகள் ஏற்புவலி கண்டு இறப்பதைத் தடுக்கவும் பாடுபட்டார். நொபெல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பிரேரிக்கப்பட்டும் பரிசு கிட்டவில்லை. கண்டுபிடிப்பின் புகழ் பெரும்பாலும் ரீட்டையே சென்றடைந்தது. 1915 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஹவானாவில் பின்லே காலமானார். நோயை உண்டாக்குவது ஒரு வைரசு என்பது 1927இல் உறுதியாயிற்று. 1937இல் சிறந்த தடுப்பூசியும் உருவாயிற்று.

மஞ்சட் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. ஆனால் பின்லே அடையாளங் காட்டிய அதே ஈடிஸ் நுளம்புதான் இங்கு டெங்கைப் பரப்புகிறது. எறிந்த சிரட்டையும் தகரப் பேணியும், அடைபட்ட பீலியும், பூச்சாடித் தட்டும் அதற்குப் போதும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறப்பதற்கு ஒரு வாரமளவே செல்லும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறையேனும் குடும்பமாக வளவைச் சுற்றிப் பார்த்து, தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுவோம். தம் பெயரைவிட மக்களின் உயிரைப் பெரிதாக எண்ணிய அந்த நல்ல வைத்தியருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.