தமிழ்ப் படத்தில் அறிமுகமான மராட்டியர் சி.ராமச்சந்திரா

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்களிடம் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' தட்டு இருந்தால், அதன்மேல் ஊசி வைக்கவே தயங்குவார்கள். தேயத் தேயக் கரகரப்புதான் மிஞ்சும். மூல ஒலிப்பதிவைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட மாட்டார்களா என்பது அவர்கள் ஏக்கம். அதன் பாடல்களுக்கு இசையமைத்தவர் மராட்டியரான சி.ராமச்சந்திரா.

1918-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி அன்றைய அகமத்நகர் மாவட்டத்தில் உள்ள புண்தாம்பாவில் பிறந்தார். நடிகராக வந்தார், நடிப்பு கைகொடுக்கவில்லை. சோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் ஆர்மோனியம் வாசித்தார். இசையமைப்பாளராக அவருக்கு முதலில் கதவு திறந்தவை 'ஜெயக்கொடி', 'வனமோகினி' ஆகிய தமிழ்ப் படங்களே.

பிறகு 'அல்பேலா' (1951), 'அனார்கலி' (1953) மூலம் இந்திப் பட உலகில் கொடிகட்டிப் பறந்தார். 'மலைக்கள்ளன்' கதையைக் கோவை பட்சிராஜா நிறுவனம் இந்தியில் 'ஆசாத்' (1955) என்று எடுத்தபோதும் இசை அவரே.

1958-ல் ஜெமினி வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வந்தது. பத்மினி, வைஜயந்திமாலா போட்டி நடனத்துக்கு பி.லீலாவும் ஜிக்கியும் பாடினார்கள். தியேட்டர்கள் அதிர்ந்தன.

சீனப் போரில் மாண்ட வீரர்களுக்காக அவர் இசையமைத்த பாட்டை, 1963 ஜனவரி 27-ந் தேதி டில்லியில் லதா மங்கேஷ்கர் பாடினார். பிரதமர் நேரு கண்கலங்கினார்.

1982 ஜனவரி 5-ந் தேதி பம்பாயில் ராமச்சந்திரா காலமானார். வாய்ப்புத் தந்த தமிழுக்கு வட்டியும் முதலுமாக அவர் திருப்பித் தந்தது அந்த இசைத்தட்டு. அது தேய்ந்து ஓயுமுன் புது ஒலியுடன் வரவேண்டும்.