பசி கற்பித்த பாடம்

நுழையும்முன்

பசியைப் பிணி என்றே வழங்குகிறது தமிழ். ஒருவேளைச் சோறு அப்பிணியைத் தணிக்கும். அது மீண்டும் அணுகாமல் காக்கக் கல்வியும் கைத்தொழிலும் வேண்டும். தம் இளமையில் பஞ்சத்தின் கொடுமையை நேரில் துய்த்த ஒருவர், இருபது ஆண்டுகளுக்குப்பின் வறட்சியால் ஆதரவிழந்த சிறுமியரைத் தேடிச்சென்று வாழ்வளித்த வரலாறு இது.

காட்டில் தொடங்கிய கல்வி

பண்டித ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, தாய் இலட்சுமிபாய். பெண்கள் வடமொழி கற்பது தகாது எனக் கருதப்பட்ட காலத்தில், அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு அம்மொழியைக் கற்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. அவரோ கற்பித்தலைக் கைவிடாமல், மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டில் குடில் அமைத்து வாழத் தலைப்பட்டார். அங்குப் பிறந்த ரமாபாய்க்குத் தாயே ஆசிரியரானார். பின்னர் அக்குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் படித்து, கேட்போர் அளித்த பொருளைக்கொண்டு வாழ்ந்தது.

பதினொரு நாள்

1874ஆம் ஆண்டில் அவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தபோது பஞ்சம் சூழ்ந்தது. புராணம் கேட்க வருவோர் இல்லை. தந்தையோ முதுமையால் தளர்ந்து பார்வையும் இழந்திருந்தார். நகைகள், நல்லாடைகள், பாத்திரங்கள் என ஒவ்வொன்றாக விற்றனர். விற்பதற்கு எதுவும் எஞ்சாத நிலையில் காட்டை அடைந்தனர். பதினொரு நாள் நீரும் இலைகளும் சிறிதளவு காட்டுப் பேரீச்சையுமே அவர்களுக்கு உணவாயின. நூலறிவு நிறைந்த அக்குடும்பத்தில் உடலுழைத்துப் பொருளீட்டும் தொழிலை எவரும் கற்றிருக்கவில்லை. இரந்து உண்ணவும் மானம் தடுத்தது. அவ்வாண்டிலேயே தந்தை மறைந்தார். சில வாரங்களில் தாயும், அதன்பின் தமக்கையும் மறைந்தனர்.

அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் மட்டும் எஞ்சினர். இருவரும் ஆயிரக்கணக்கான மைல் தொலைவை நடந்தே கடந்தனர். போர்த்திக்கொள்ளத் துணியின்றி, ஜீலம் ஆற்றங்கரையில் குழி தோண்டி, கழுத்துவரை மணலால் உடலை மூடிக்கொண்டு குளிரைத் தாங்கியதும் உண்டு.

அறிவுக்குக் கிடைத்த மதிப்பு

1878ஆம் ஆண்டில் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். ரமாபாயின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் 'பண்டிதா', 'சரசுவதி' என்னும் பட்டங்களை வழங்கினர். 1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டே விபின் பிகாரி மேத்வி என்னும் வழக்கறிஞரைச் சாதி மறுத்து மணந்தார் ரமாபாய். இரண்டாண்டுகளுக்குள் கணவரையும் வாந்திபேதிக்குப் பறிகொடுத்தார். மகள் மனோரமாவுடன் புனே நகரை அடைந்து பெண்கல்விக்காக உழைத்தார். 1882இல் ஹண்டர் கல்விக்குழுவின் முன் தோன்றி, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என வலியுறுத்தினார். இங்கிலாந்து சென்றபோது கிறித்தவ சமயத்தைத் தழுவினார். அதன்பொருட்டுத் தாய்நாட்டில் கடும் கண்டனங்களுக்கும் ஆளானார். எனினும் தளராமல், இளம் கைம்பெண்கள் தங்கிப் பயில்வதற்காக 1889இல் சாரதா சதனம் என்னும் இல்லத்தைப் பம்பாயில் நிறுவினார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாற்றப்பட்டது.

மத்திய மாகாணத்தில்

1896ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. மத்திய மாகாணம் பஞ்சத்தின் பிடியில் சிக்கியது. வலுவுள்ளோர்க்கு அரசு சாலைப்பணிகளில் கூலி அளித்தது. இயலாதோர்க்கு நிவாரண இல்லங்களில் உணவளித்தது. ஆயினும் பெற்றோரை இழந்த சிறுமியர் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. அவர்களின் பசியைப் பயன்படுத்தித் தீயவழியில் ஈர்க்க முயல்வோரும் அங்குத் திரிந்தனர். செய்தி அறிந்த ரமாபாயின் நெஞ்சில் தம் பழைய நாள்கள் மீண்டும் எழுந்தன. கையில் போதிய பொருள் இல்லை; ஆயினும் புறப்பட்டார். எலும்பும் தோலுமாய் இருந்த சிறுமியரையும் இளம்பெண்களையும் தொகுதி தொகுதியாக அழைத்துவந்தார். ஏறத்தாழ 300 பேர் மீட்கப்பட்டனர்.

அந்நேரத்தில் புனேவில் கொள்ளைநோய் பரவியது. நகருக்குள் புதியவர்களைத் தங்கவைக்கக் கட்டுப்பாடுகள் எழுந்தன. சாரதா சதனத்தின் எதிர்கால வருவாய்க்காகப் பழத்தோட்டம் அமைக்கக் கேட்காவ் என்னும் சிற்றூரில் வாங்கியிருந்த நிலமே அப்போது புகலிடமாயிற்று. கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் தொடங்கிய அவ்வில்லம் 'முக்தி' எனப் பெயர் பெற்றது. சாரதா சதனத்தில் பயின்ற மாணவியர் சிலரே, புதிதாக வந்த சிறுமியர்க்குத் தாயராகவும் ஆசிரியராகவும் விளங்கினர்.

கைத்தொழிலும் கல்வியும்

உணவளித்ததோடு ரமாபாய் நிற்கவில்லை. தொழில் அறியாத புலமை பஞ்சத்தில் தம் குடும்பத்தைக் காக்கவில்லை என்பதை அவர் மறந்தாரில்லை. எனவே எழுத்தும் எண்ணும் கற்பித்ததுடன் நெசவு, தையல், வேளாண்மை, பால்பண்ணை, அச்சுத்தொழில் முதலியவற்றிலும் பயிற்சி அளித்தார். பார்வையற்ற பெண்களுக்குப் புடைப்பெழுத்து கற்பிக்கப்பட்டது. அப்பணியில் மகள் மனோரமா துணைநின்றார். 1900ஆம் ஆண்டில் குசராத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது மேலும் பலர் மீட்கப்பட்டனர். முக்தியில் வாழ்ந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,000 ஆக உயர்ந்தது.

நிலைத்த பணி

1919ஆம் ஆண்டு ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1921இல் மகளை இழந்த ரமாபாய், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார். 1989இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கேட்காவில் அவ்வில்லம் இன்றும் இயங்கிவருகிறது.

மழை பொய்ப்பதைத் தடுக்க அவரால் இயலவில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் தம் உழைப்பால் வாழக்கூடிய பெண்களை உருவாக்க இயன்றது. பதினாறு வயதில் காட்டில் பசித்திருந்த அவர் அன்று பெறாத உதவி எதுவோ, அதையே பிறர்க்கு அளித்தார்.