பால் ஏர்லிக்

நோயை மருந்து வெல்லும் என்பது யாவரும் அறிந்ததே. மருந்தை வெல்லும் ஆற்றல் நோய்க்கிருமிக்கும் உண்டாகலாம் என்பதைச் சோதனையால் நிறுவி, அதற்கு மாற்றுவழியும் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக் ஆவார்.

இவர் 1854ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் நாள், அக்காலத்துப் பிரஷ்ய நாட்டின் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். மாணாக்கராய் இருந்தபோதே சாயப்பொருள்களில் இவர் மனம் பெரிதும் ஈடுபட்டது. ஒரு சாயம் உடலின் சில உயிரணுக்களைப் பற்றி ஏனையவற்றை விட்டொழிவதை இவர் கண்டார். கிருமியைப் பற்றும் சாயம் அதனைக் கொல்லவும் கூடுமன்றோ என்னும் எண்ணம் இதிலிருந்தே உதித்தது. 1891இல் பெர்லின் நகரில் குட்மன் என்னும் வைத்தியருடன் சேர்ந்து, மலேரியாச் சுரமுற்ற இருவருக்கு மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைக் கொடுத்தார், இருவரும் குணமடைந்தனர். கொயினாவின் இடத்தை அச்சாயம் பெறவில்லையெனினும், செயற்கைப் பொருளாலும் மலேரியாவைத் தீர்க்கலாம் என்பது புலனாயிற்று.

பின்னர்ப் பிராங்க்பர்ட் நகரில், தூக்கநோய்க் கிருமியின் இனத்தைச் சுண்டெலிகளிற் புகுத்தி ஆராய்ந்தார். போதாத அளவில் மருந்தூட்டிய எலிகளிற் பிழைத்த கிருமிகள், நாளடைவில் அம்மருந்துக்கு அஞ்சாதனவாயின. அவற்றின் வழித்தோன்றல்களும் அவ்வாறே இருந்தன. ஆயினும், ஓரின மருந்தை எதிர்த்து நின்ற கிருமி வேறின மருந்துக்கு மடிந்தது. எனவே, வெவ்வேறு வகையில் தாக்கும் மருந்துகளைத் தொடக்கத்திலேயே ஒருங்கு கொடுத்தல் வேண்டும் என்று ஏர்லிக் துணிந்தார்.

1908இல் நோபல் பரிசும், 1909இல் ஜப்பானியரான ஹாத்தாவின் துணையால் மேகநோய்க்குச் சால்வர்சான் மருந்தும் இவர் புகழை வளர்த்தன. 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் இவர் உயிர் நீத்தார்.

இவர் கண்ட உண்மைக்கு மலேரியாவே பின்னர்ச் சான்றாயிற்று. பெரிதும் நம்பப்பட்ட குளோரோகுவின், 1950களின் இறுதியிலேயே கொலம்பியாவிலும் தாய்லாந்து, கம்போடிய எல்லையிலும் வலியிழந்தது. அடுத்து வந்த ஆர்ட்டெமிசினினும் அக்கதியை அடையாதிருக்க, அதனைத் தனியே கொடாது வேறொரு மருந்துடன் இணைத்தே கொடுக்குமாறு 2006இல் உலகச் சுகாதார நிறுவனம் பணித்தது. அத்தகைய இணைமருந்துகளை ஒப்பிடுவோர் சுரம் தணிந்ததுகொண்டு அமைதியுறுவதில்லை. நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, 28 நாளோ அதற்கு மேலோ இரத்தத்தைச் சோதிக்கின்றனர். கிருமி மீண்டும் தோன்றின், அது பழையதன் எச்சமா, புதிய கொசுக்கடியால் வந்ததா என்பதையும் பிரித்தறிகின்றனர். ஏர்லிக் கையாண்ட மெதிலீன் நீலமே இந்நூற்றாண்டில் பூர்க்கினா பாசோ நாட்டில் இணைமருந்தாகப் பரீட்சிக்கப்பட்டது.

சுரம் விட்டதும் மருந்தை இடையில் நிறுத்துவோர், பகைவனைக் குற்றுயிராய் விட்டு அவனுக்குப் போர்ப்பயிற்சியும் அளிப்பவராவர். வைத்தியர் விதித்த அளவை முற்றும் உண்பது நம் நலம் மட்டுமன்று. பின்வருவோர்க்கு அம்மருந்தைக் காத்து வைப்பதுமாகும்.