பிடிக்குப் பெயரான கிமுரா

கொழும்பில் சில மாதங்கள் ஒரு தற்காப்பு வகுப்புக்குப் போய்வந்தேன். மூட்டுப் பிடிகளுக்கு அங்கே ஜப்பானியப் பெயர்கள்தான். வாயில் நுழையச் சிரமம். அர்த்தம் தெரிந்துவிட்டால் மறக்காது. உதே என்றால் கை, கராமி என்றால் பின்னுதல். முழங்கையை மடக்கி, கையைக் கயிறுபோலப் பின்னித் தோள்மூட்டைத் திருகுவது உதே கராமி. ஜுஜி என்பது பத்து என்ற எண்ணுக்கான எழுத்து. பார்க்கக் கூட்டல் குறிபோல இருக்கும். எதிராளிக்குக் குறுக்கே கிடந்து அவருடைய முழங்கையை நீட்டி நெரிப்பது ஜுஜி கத்தாமே. உடலுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன, யார் செய்தார் என்பதை அல்ல.

ஆனால் உதே கராமியின் ஒரு வகையைப் பயிற்றுநர் கிமுரா என்றே அழைத்தார். அதுவும் ஏதோ உறுப்பின் பெயர் என்று நினைத்திருந்தேன். ஆளின் பெயர்.

மசாஹிகோ கிமுரா 1917இல் ஜப்பானின் குமமோட்டோவில் பிறந்தார். ஆற்றில் சரளைக்கல் அள்ளிப் பிழைத்த குடும்பம். சிறுவனும் கூட அள்ளினான். 1937 முதல் 1939 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அகில ஜப்பான் ஜூடோ வீரர். 1940இல் பேரரசர் முன்னிலையில் நடந்த போட்டியிலும் அவரே வென்றார். 1942இல் படைக்கு அழைக்கப்பட்டார். ஒரு விளையாட்டு வீரனின் மிகச் சிறந்த வயதை யுத்தம் எடுத்துக்கொண்டது. அதை நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

தோல்விக்குப் பின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் பாடசாலைகளில் ஜூடோவைத் தடைசெய்தது. கற்றது அந்த ஒன்றுதான். அதை வைத்துச் சோறு சாப்பிட முடியவில்லை. மனைவிக்குக் காசநோய். மருந்து இருந்தது, வாங்கக் காசில்லை. 1950இல் காசுக்குச் சண்டையிடும் தொழில்முறை ஜூடோவில் சேர்ந்தார். அது சில மாதங்களிலேயே படுத்துவிட, கடல் கடந்து மல்யுத்தம் செய்யப் போனார். அந்தப் பணம் மருந்தானது. ஜூடோவின் தலைமையகமான கொடோக்கன் இதை மன்னிக்கவில்லை. முப்பது வயதளவில் பெற்ற 7ஆம் தானிலேயே, சாகும்வரை, அவருடைய தரம் நின்றுபோனது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

1951 ஒக்டோபர் 23. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கு. எதிரே பிரேசிலிய ஜுஜிட்சுவை வளர்த்தெடுத்த குடும்பத்தின் எலியோ கிரேசி. இரண்டாவது சுற்றில் கிமுரா அவரைத் தூக்கி எறிந்து, உதே கராமியில் கையைப் பிடித்தார். கை முறிந்தும் எலியோ சரணடையவில்லை. அவருடைய அண்ணன் கார்லோஸ்தான் சண்டையை நிறுத்தினார். பிரேசிலியர் பிறகு அந்தப் பிடிக்கு வென்றவரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

ஊரில் நடந்ததோ வேறு. 1954 டிசம்பரில் மல்யுத்த நட்சத்திரம் ரிக்கிடோசானிடம் கிமுரா அடிபட்டு விழுந்தார். சமநிலையில் முடிப்பதாகப் பேசிவைத்த ஆட்டம் அது என்பது கிமுராவின் முறைப்பாடு. ஆனால் மக்கள் பார்த்தது அவர் விழுந்ததைத்தான். பின்னாளில் தான் படித்த தகுஷோகு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1993 ஏப்ரலில் இறந்தார்.

உலகத்தின் பாதி வகுப்புகளில் அந்தப் பிடி இப்போது கிமுரா. கொடோக்கனின் பட்டியலில் மட்டும் இன்றும் உதே கராமிதான்.