மழையைத் துடைத்த மேரி ஆண்டர்சன்



கண்டுபிடிப்பாளர்னு சொன்னா எடிசன், கிரகாம் பெல், மார்க்கோனின்னு பெயர்கள் வரிசையா நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனால் மழை நாளில் பஸ், லாரி, கார் எதில் போனாலும் நம்மைக் காக்கும் ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் ஆடுமே, அந்த வைப்பர்தான்! அதை உருவாக்கியவராக உலகம் போற்றுவது மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணியை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

இளமைக் காலம்

மேரி ஆண்டர்சன் 1866-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். நாலு வயசிலேயே தந்தையை இழந்தார். 1889-இல் அம்மாவோடும் சகோதரியோடும் பர்மிங்ஹாம் நகரில் குடியேறினார். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி நிர்வாகம் செய்தார்கள். 1893 முதல் 1898 வரை கலிபோர்னியாவில் மாட்டுப்பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். பாருங்க, இவர் இன்ஜினியர் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நியூயார்க் குளிரில்

1902-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மேரி நியூயார்க் போனார். வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. அவர் ஏறிய டிராம் வண்டியின் முன் கண்ணாடி முழுக்க ஈரம் படிந்து, பாதை தெரியவில்லை. ஓட்டுநர் என்ன செய்தார் தெரியுமா? முன் கண்ணாடிக் கதவையே திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார்! முகத்தில் பனி அடிக்கிறது, உள்ளே இருப்பவர்களும் நடுங்குகிறார்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம். சில ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால் துடைத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். எல்லாரும் இதைப் பார்த்தார்கள். மேரி மட்டும் இதற்கு ஒரு வழி இருக்கணுமே என்று யோசித்தார்.

ஊர் திரும்பியதும் ஒருவரை வைத்துப் படம் வரைய வைத்தார். உள்ளூர் கம்பெனி ஒன்றில் மாதிரி செய்யச் சொன்னார். 1903 ஜூன் 18-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கு இரண்டே நாள் முன்னால்தான், ஜூன் 16-இல், ஃபோர்டு மோட்டார் கம்பெனியே பதிவானது! 1903 நவம்பர் 10-இல் மேரிக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 743801.

அதில் என்ன புதுமை?

ரப்பரால் கண்ணாடியைத் துடைக்கலாம் என்பது யாருக்கும் தோன்றும். வண்டியை நிறுத்தாமல், கதவைத் திறக்காமல், உள்ளே உட்கார்ந்தபடியே வெளியே துடைப்பது எப்படி? அதுதான் கேள்வி. மேரியின் கருவியில் உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ரப்பர் பொருத்திய ஒரு கை. கைப்பிடியை அசைத்தால் வெளியே உள்ள கை கண்ணாடி மேல் போய் வரும். ரப்பர் கண்ணாடியை விட்டு விலகாமல் அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங்கும் எதிர் எடையும் வைத்தார். வெயில் காலத்தில் கழற்றி வைத்துக்கொள்ளலாம். நாம் பாடத்தில் படிக்கிற நெம்புகோல் தத்துவம்தான் இது!

இன்று கைப்பிடிக்குப் பதில் மோட்டார். ஆனால் மோட்டார் வட்டமாகச் சுற்றும், வைப்பரோ இடமும் வலமும் ஆடணும். இரண்டையும் சேர்த்து வைப்பது கண்ணாடிக்குக் கீழே மறைந்திருக்கும் இரும்புத் தண்டுகள். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் வைப்பர் லிங்க் என்பார்கள்.

பழைய காரில் லிங்க் ரிப்பேர்

தண்டுகள் சேரும் இடத்தில் சின்ன பிளாஸ்டிக் புஷ் இருக்கும். வருஷக்கணக்கில் ஆடி ஆடி அது தேயும். முதலில் வைப்பர் லொடலொடன்னு ஆடும். அப்புறம் ஒரு நாள் தண்டு கழன்றுவிடும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், ஒரு வைப்பரோ இரண்டுமோ அசையாது. நல்ல மழையில் இப்படி ஆனால் நிலைமை 1902-க்கே போய்விடும்!

இதைச் சரி செய்வது எப்படி? மோட்டார் ஓடுகிறது என்றால் புது மோட்டார் வாங்க வேண்டாம். முதலில் வைப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் திடீரென்று லிங்க் அசைந்து விரலை நசுக்கிவிடும். வைப்பர் கைகளையும் மேல் மூடியையும் எடுத்து, தேய்ந்த புஷ்ஷை மாற்ற வேண்டும். வைப்பர் கை பொருந்தும் அச்சு கையால் சுற்றினால் லேசாகச் சுற்றணும். காய்ந்து இறுகிய பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புது கிரீஸ் வைக்க வேண்டும். பிறகு ஒயரை மாட்டி, மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, தன் இடத்தில் நின்ற பிறகுதான் சாக்பீஸ் குறியைப் பார்த்து வைப்பர் கைகளை மாட்ட வேண்டும். பெரியவர்கள் துணையோடு செய்ய வேண்டிய வேலை இது.

யாரும் வாங்கவில்லை

1905-இல் மேரி தன் உரிமையை விற்கக் கனடாவில் ஒரு நிறுவனத்துக்கு எழுதினார். விற்று லாபம் பார்க்கிற அளவுக்கு இதில் மதிப்பில்லை என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் கார்கள் ரொம்பக் குறைவு. காப்புரிமைக்கோ ஆயுள் 17 வருஷம்தான். அது 1920-இல் முடிந்தது. அமெரிக்காவில் பெண் என்பதற்காக ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்ற சட்டத் திருத்தம் வந்ததும் அதே 1920-இல்தான்! 1922-இல் காடிலாக் நிறுவனம் தன் கார்களில் வைப்பரை நிரந்தரமாகப் பொருத்தியது. பிறகு எல்லாக் கம்பெனிகளும் பொருத்தின. மேரிக்கு அதில் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

1953 ஜூன் 27-ஆம் நாள், 87-ஆம் வயதில் மேரி மறைந்தார். சாலையில் ஓடிய கார்களில் எல்லாம் தன் எண்ணம் ஆடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். 2011-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நண்பர்களே, மதிப்பில்லை என்று எழுதியவர்கள் அன்றைய சந்தையைப் பார்த்தார்கள். மேரி பனியில் நடுங்கிய ஓட்டுநரைப் பார்த்தார். யார் பார்த்தது சரி என்பதை அடுத்த மழையில் பஸ்ஸின் முன் கண்ணாடி உங்களுக்குச் சொல்லும்!