சாரணியத்தின் தந்தை பேடன் பவல்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது கண்டி நகரின் மதில்களில் பிரத்தியேக வகுப்பு விளம்பரங்கள் நிறைந்துவிடுகின்றன. ஹந்தானை மலைத்தொடர் நகருக்குத் தலைமாட்டில் நிற்கிறது. மகாவலி கங்கை நகரை அணைத்துக்கொண்டு ஓடுகிறது. சற்றுத் தொலைவில் நக்கிள்ஸ் மலைகள். ஆயினும் நமது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அம்மலைகளின் அடியில் ஓர் இரவையேனும் கூடாரத்தில் கழித்திருக்கின்றனர்? இக்கேள்வி எழும்போதெல்லாம், சிறுவரைப் பாசறைக்கு அழைத்துச் சென்ற பேடன் பவல் பிரபுவின் வாழ்வு நம் நினைவுக்கு வருகிறது.

ரொபர்ட் பேடன் பவல் 1857 பெப்ரவரி 22ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தையார் மதகுருவாகவும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேத்திரகணிதப் பேராசிரியராகவும் விளங்கியவர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் மறைந்துவிட்டார். பெரிய குடும்பத்தைத் தாயார் தனித்து நின்று வளர்த்தெடுத்தார். சாட்டர்ஹவுஸ் பாடசாலையில் கற்ற காலத்தில் பிள்ளையின் உள்ளம் வகுப்பறையைவிட அருகிலிருந்த காட்டையே நாடியது. தடை செய்யப்பட்ட அந்தக் காட்டுக்குள் ஒளிந்து சென்று, முயல் பிடித்து, ஆசிரியரின் கண்ணில் புகை படாதவாறு தீமூட்டிச் சமைக்கப் பழகினார். ஒக்ஸ்போர்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரீட்சைப் பெறுபேற்றையே வாழ்வின் எல்லையாகக் கருதும் நம் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். பின்னர் இராணுவப் பரீட்சையில் முன்னிலையில் தேறி, 1876இல் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார்.

தென்னாபிரிக்காவில் போயர்களுடன் மூண்ட போரே அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. 1899 ஒக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்த மாபெகிங் நகரை அவர் காத்து நின்றார். அந்நகரில் சிறுவர் அணி ஒன்று அமைக்கப்பட்டுச் செய்தி கொண்டு செல்லும் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர் அதனைச் சுமப்பர் என்பதைப் பேடன் பவல் அங்கே நேரிற் கண்டார். அதே போரில் சிறைப்பட்ட போயர்கள் சுமார் 5,000 பேர் கடல் கடந்து நமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

அவரது வாழ்வின் இருண்ட பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. முற்றுகைக் காலத்தில் வெள்ளையருக்குக் கிடைத்த உணவுப் பங்கு ஆபிரிக்கருக்குக் கிடைக்கவில்லை. பட்டினியால் பலர் மாண்டனர். அதற்கு முன்னர் 1896இல், இன்றைய சிம்பாப்வேயில், பிடிபட்ட ஊவினி என்னும் ஆபிரிக்கத் தலைவரை இராணுவ நீதிமன்றில் நிறுத்திச் சுட்டுக் கொல்லச் செய்தவரும் அவரே. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தபோதிலும் விவாதம் இன்றும் ஓயவில்லை. 2020இல் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள அவரது சிலையைப் பலகையடித்து மூடிக் காக்க நேர்ந்தது. குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நாம் அவரை மகானாகப் போற்ற வேண்டியதில்லை. அவர் செய்த ஒரு நற்காரியத்தைப் பெற்றுக்கொண்டாற் போதும்.

அந்நற்காரியம் நிகழ்ந்த இடம் அதே பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ என்னும் சிறு தீவு. 1907 ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஏறத்தாழ இருபது சிறுவரை அங்கே அழைத்துச் சென்று கூடாரமடித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன், ஹரோ முதலிய பாடசாலைகளிலிருந்து ஒரு பாதியினர். அயல் நகரங்களின் சாதாரண குடும்பங்களிலிருந்து மறு பாதியினர். அக்கால ஆங்கிலச் சமூகத்தில் இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதே அரிது. அவரோ அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். விடியற்காலையில் ஆபிரிக்க மானின் கொம்பை ஊதி எழுப்புவார். சுவடு பார்த்தல், தீமூட்டல், படகோட்டல், உயிர் காத்தல் எனப் பகல் கழியும். இரவில் பாசறைத் தீயைச் சுற்றிக் கதை சொல்வார். துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை. போர்க்களத்திற் கற்ற வித்தையிலிருந்து கொலையைக் களைந்து, எஞ்சியதை விளையாட்டாக்கினார் எனலாம்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்வர் பிள்ளைகளுக்கு ஒரு பவுண்; ஏனையோருக்கு மூன்றரை ஷில்லிங், அதாவது ஆறில் ஒரு பங்கிலும் சற்று அதிகம். பாசறை நட்டத்திலேயே முடிந்தது. இன்று மலையேற்றம், கயிற்றுப் பயணம் எனச் சிறுவருக்கான பாசறைகளை நடத்துவோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஹந்தானைத் தோட்டத்து லயன் அறையில் வாழும் பிள்ளை, தன் வாசலில் நிற்கும் மலையில் ஏறக் காசில்லாமல் நிற்பது எவ்வகையில் நியாயம்?

மறு ஆண்டில் சிறுவருக்கான அவரது சாரண நூல் சிறு பகுதிகளாக வெளிவந்தது. பெரியோரின் ஏற்பாட்டுக்குக் காத்திராமல் சிறுவர் தாமே அணி சேர்ந்தனர். பெண்பிள்ளைகளும் உரிமை கோரி வந்தனர். 1910இல் அவர் இராணுவப் பதவியைத் துறந்தார்.

1912இல் சாரணியம் இலங்கைக்கு வந்தது. கொழும்பிலன்று, மாத்தளை கிறிஸ்து தேவாலயப் பாடசாலையில், பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவரால் நாட்டின் முதலாவது சாரணர் குழு அமைக்கப்பட்டது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாகச் செல்லும் அதே வீதியின் வடக்கேதான் மாத்தளை உள்ளது. இப்பெருமையை நம் பிரதேசத்தவருள் பலர் அறியாதிருப்பது வியப்பே.

பிரவுன்சீயின் சமத்துவம் குடியேற்ற நாடுகளுக்குத் தானாக வந்து சேரவில்லை. இந்தியாவில் தொடக்கத்தில் சுதேசப் பிள்ளைகளுக்குச் சாரணர் கதவு மூடப்பட்டிருந்தது. 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சங்கம் அமைத்த பின்னரே நிலைமை மாறியது. 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகை தந்தபோது, அச்சங்கம் பொது அமைப்புடன் இணைந்தது.

நமது நாட்டில் பிள்ளைகளைப் பிரிப்பது பெரும்பாலும் மொழியே. தமிழ்மொழிப் பாடசாலை ஒருபுறம், சிங்களமொழிப் பாடசாலை மறுபுறம். முஸ்லிம் பாடசாலைகளும் வேறாகவே உள்ளன. ஒரே நகரில் பத்தாண்டுகள் கற்றும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் வளர்கின்றனர். ஒரே பானையில் சோறாக்கி, மழையில் நனைந்து, ஒருவர் காலில் ஏறிய அட்டையை மற்றவர் பிடுங்கிவிடும் சந்தர்ப்பம் பாசறையில்தான் வாய்க்கிறது. ஹலால் உணவு, தொழுகை நேரம், பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பெற்றோர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. ஏற்பாட்டாளர் அவற்றுக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். கேள்விகளுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது விடையாகாது.

1929இல் பிரபுப் பட்டம் பெற்ற பேடன் பவல், இறுதி ஆண்டுகளை மனைவி ஒலேவ் அம்மையாருடன் கென்யாவின் நியேரியில், கென்யா மலை தெரியும் ஒரு சிறு வீட்டில் கழித்தார். 1941 ஜனவரி 8ஆம் திகதி காலமானார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரிடம் பயின்ற சிறுவர் பலர் எதிரெதிர் அணிகளில் துப்பாக்கி ஏந்தி நின்றனர். நியேரியிலுள்ள அவரது கல்லறையில் ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. காட்டு வழியில் முன்னே சென்றவர் வீடு திரும்பிவிட்டார் என்று பின்னே வருவோருக்கு அறிவிக்கும் சாரணர் குறி அது.